வெளியே நின்ற அம்மையாரும் கேழ்வரகு அப்பமும்

ஜிம்பாப்வே நாட்டுப் பாறைக் குன்றுகளுக்கு நடுவே சிக்கோமோ என்றொரு சிற்றூர். அங்கே சிறு ஆலயம் ஒன்றைப் பெருக்கித் துடைத்து வாழ்ந்தவர் முச்சனேட்டா அம்மையார். கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. பெயருக்கு அவர்கள் மொழியில் 'களைத்துப் போவீர்கள்' என்று பொருளாம். வைத்தவர்கள் யாரை நினைத்து வைத்தார்களோ, அம்மையார் களைத்து ஒருவரும் பார்த்ததில்லை. பெருக்கி முடித்ததும், கர்த்தரின் நினைவாக அப்பம் பிட்டுக் கொடுக்கும் மேசையான கர்த்தரின் பந்தி முன் முழந்தாளிட்டு, "இன்னிக்கும் வந்துட்டேன், ஆண்டவரே" என்பார். அவ்வளவுதான் அவர் ஜெபம்.

அவ்வூரில் சுண்டே எனப்படும் பொது வயல் ஒன்று உண்டு. எல்லோரும் சேர்ந்து உழைப்பார்கள். விளைந்த கேழ்வரகு பொதுக் குதிரில் சேரும். அநாதைக்கும் வழிப்போக்கருக்கும், பஞ்சம் வந்தால் ஊருக்கும் அதுதான் சோறு. புதிதாக வந்த போதகர் யோசியாவுக்கு இது பிடிக்கவில்லை. விதைக்கும் நாளில் ஊர்த்தலைவர் முன்னோருக்குப் படைக்கிறாரே என்று, விசுவாசிகள் அந்த மண்ணை மிதிக்கவே கூடாதென்றார். சபையார் விலகினார்கள். தலைவரும் ரோஷக்காரர், உழைக்காதவர்களுக்குக் குதிரில் பங்கில்லை என்றுவிட்டார்.

அம்மையார் மட்டும் வழக்கம்போல மண்வெட்டியோடு வயலுக்குப் போனார்.

"வயலா, கர்த்தருடைய பந்தியா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்கம்மா" என்றார் போதகர்.

"பசிச்சவங்களுக்குச் சோறு போடச் சொன்னதே அவர்தானேய்யா. அவர் பேரைச் சொல்லித்தான் வெதைக்கிறேன்."

துடைப்பம் பறிபோனது, பந்தியும் மறுக்கப்பட்டது, ஆலயத்துக்குள் நுழையவும் தடை. பட்டினி கிடந்தபோதெல்லாம் கலங்காதவர் அன்று தேம்பித் தேம்பி அழுதார். வயலிலோ சிலர், "உன் சாமியே உன்னைத் தள்ளிட்டாராமே" என்று சீண்டினார்கள். "ஆளுங்கதான் தள்ளினாங்க" என்று சொல்லிவிட்டுக் களை பறித்தார். ஞாயிறுதோறும் ஆலயத்துக்கு வெளியே மரத்தடியில் நின்று பாடிவிட்டுப் போனார்.

மறு வருஷம் மழை பொய்த்தது. பொதுக் குதிரைத் திறந்தார்கள். அதிகம் உழைத்தவருக்கு முதல் கூடை. அதை அவர் எங்கே சமைக்கிறாரோ அங்கே ஊரே கூடி உண்ண வேண்டும் என்பது வழக்கம். கூடை அம்மையாருக்கு வந்தது.

"ஆலயத்துக்குக் கொண்டு போறேன்யா. நாளைக்கு ஈஸ்டர்" என்றார்.

"உன்னை வெளியே நிறுத்தினவங்களுக்கா?" என்றார் தலைவர்.

"அவங்களுக்கும் பசிதானே."

தலைவரால் மறுக்க முடியவில்லை. வழக்கம் அவருடையதாயிற்றே.

காலையில் ஆலய முற்றத்தில் அம்மையார் பெரிய பானையில் களி கிண்டினார். பந்திக்குக் கோதுமை மாவு கிடைக்காத வருஷம் அது. அதனால் ஒரு பிடி கேழ்வரகு மாவை அப்பமாகச் சுட்டு உள்ளே கொடுத்தனுப்பினார். போதகர் தயங்கினார், பிறகு வேறு வழியின்றி அதை உயர்த்திப் பிடித்தார். ஜெபிக்க வாய் திறந்தார். அவர் செவிக்கு மட்டும் ஒரு குரல் கேட்டதாம்:

"நான் வெளியே அவளோடு நிற்கிறேன். உள்ளே யாருக்கு என்னைப் பிட்டுக் கொடுக்கிறாய்?"

அப்பத்தோடு வெளியே ஓடி வந்தார். தலைவர் உட்பட ஊரே பானையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. போதகர் புழுதியில் முழந்தாளிட்டார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. முதல் துண்டு உங்களுக்கு."

அம்மையார் மாவு படிந்த கைகளை இடுப்புத் துணியில் துடைத்து, இரண்டையும் சேர்த்து ஏந்தினார். கண்கள் நிறைந்தன.

"வந்துட்டீங்களா, ஆண்டவரே" என்றார்.

அன்று எல்லோரும் ஒரே பானையில் உண்டார்கள். அடுத்த விதைப்புக்குப் போதகர் தோளில் மண்வெட்டியோடு வந்தார். அவர் ஜெபித்து முடிக்கும்வரை தலைவர் காத்திருந்தார். ஆண்டவரையே வாசலுக்கு வரவழைத்த அம்மையாரின் மண் அப்பிய பாதங்களை நாமும் அன்போடு வணங்குவோம்.