கூடத்து மணி

அந்த மடத்துப் பாடசாலையில் தேர்வு என்றால் வாய்மொழிதான். கூடத்தில் எழுந்து நின்று பாடத்தை ஒப்பிக்க வேண்டும். நடுவில் தடுமாறி நின்றால் கைமணி ஒலிக்கும். ஒலித்துவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அந்த மணி, தாண்டவராயர் பொறுப்பில் இருந்தது. மடத்தின் தலைவரான அடிகளின் மூத்த சீடர் அவர். நல்ல மனிதர்தான், ஆனால் விதி என்று வந்துவிட்டால் சொந்தத் தம்பிக்கும் மணி அடித்துவிடுவார்.

செவ்வேள் என்ற மாணவனுக்குத் திக்குவாய். பாடம் முழுக்க அத்துப்படி. சொல்தான் உதட்டருகே வந்து அடம்பிடிக்கும். தேர்வுக்கு முதல் நாள் அவன் தாண்டவராயரிடம் வந்தான்.

"ம... மணி அடிக்காம, நான் முடிக்கிற வரைக்கும் கா... காத்திருப்பீங்களா ஐயா?"

அவருக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. மணியும் கையுமாக அடிகளிடம் போனார்.

அடிகளுக்குக் காது மந்தம். பக்கத்தில் உட்கார்ந்து உரக்கக் கத்தினால்தான் உண்டு. மடத்தில் ரகசியம் எதுவும் தங்காததற்கு அதுவே காரணம்.

"ஒருத்தனுக்கு மட்டும் சலுகை காட்டலாமா சாமி?" என்று கத்தினார் தாண்டவராயர். "எல்லாருக்கும் ஒரே விதி! அதுதானே நியாயம்!"

"நியாயந்தான். மணியை இப்படிக் குடு."

கொடுத்தார்.

"அந்தத் தூண்கிட்ட போய் நில்லு. அவனுக்கு வச்சிருக்கிற பாடத்தை நீ சொல்லு. எல்லார்கிட்டயும் பேசுற மாதிரி சொல்லு. கத்தாதே."

தாண்டவராயர் போய் நின்று தொடங்கினார். அருமையான குரல். தோட்டத்தில் பூப்பறித்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

அடிகள் மணியை அடித்தார்.

தாண்டவராயருக்கு முகம் சிவந்துவிட்டது. விறுவிறுவென்று வந்து அடிகளின் காதருகே குனிந்தார்.

"ஒரு எழுத்துகூடப் பிசகலையே சாமி!"

"வாய் அசைஞ்சுது. வேற ஒண்ணும் வரலையே. உனக்குப் பாடம் தெரியலைன்னு நினைச்சேன்."

"தெரியும் சாமி! உங்க காதுல விழலை, அவ்வளவுதான்!"

"இத்தனை வருஷமா எனக்காகத் தொண்டை வறளக் கத்துறியே, தாண்டவராயா. மத்தவங்க யார்கிட்டயும் அப்படிக் கத்துறதில்லை. அது எனக்குக் காட்டுற சலுகையா?"

"சலுகையா? என்ன சாமி இப்படிக் கேட்டுட்டீங்க!" அவருக்கு உண்மையாகவே வலித்தது. "கத்தலைன்னா உங்களோட எப்படிப் பேசுறது?"

அடிகள் மணியைத் தம் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"காத்திருக்கலைன்னா அவனோட எப்படிப் பேசுவே?"