ரசத்துக்கு ஏங்கிய ஜப்பான்காரர்

கூழாங்குடிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. எடுத்துச் செலவழிக்காததால் இன்னும் புதுசாகவே இருக்கிறது. அந்த ஊர் வைரக்கண்ணுவும் ஞானமுத்துவும், இருவருக்கும் மூத்தவரான கோதண்டம் அண்ணனும் மலேசியாவுக்குச் சுற்றுலா கிளம்பினார்கள். டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் சும்மா இருந்திருக்கலாம். "நம்மூர்க்காரன்னு காட்டிக்காதீங்க, தலையில மிளகாய் அரைச்சிடுவாங்க" என்று சொல்லித் தொலைத்தார்.

விமானத்திலேயே ஆலோசனை நடந்தது.

"அப்போ எந்த நாடுன்னு சொல்றது?" என்றான் ஞானமுத்து.

"ஜப்பான். நம்ம வயல் மோட்டார் ஜப்பான்தானே? ரொம்ப வருஷப் பழக்கம்" என்றார் கோதண்டம்.

பினாங்கில் இறங்கியதும் பழக்கடைக்காரர் தமிழிலேயே, "அண்ணே, எந்த ஊரு?" என்று கேட்டார்.

"ஜப்பான்" என்றார் கோதண்டம், அதே தமிழில்.

கடைக்காரர் அவருடைய விபூதியைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், பிறகு வெளிநாட்டுக்காரர்களுக்கான விலையைச் சொன்னார். அது மூன்று மடங்கு.

"நம்பிட்டான்டா!" என்று கோதண்டம் பூரித்துப்போய்க் கொடுத்தார். டாக்சிக்காரர் நாலு மடங்கு கேட்டபோது ஞானமுத்துவுக்கு ஆனந்தத்தில் கண்ணே கலங்கிவிட்டது. இப்படி ஊரெல்லாம் நம்பி நம்பி, இரண்டே நாளில் பை காலி.

வைரக்கண்ணுவுக்குத்தான் உயிர் போயிற்று. மற்றவர்கள் பசியை ரொட்டியால் அடக்கினார்கள். அவனுக்கு ஒரு கை ரசஞ்சோறு உள்ளே இறங்காவிட்டால் சாப்பிட்டதாகவே கணக்கில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு கோயில் வாசலில் ரசம் தாளிக்கிற வாசனை வந்தது. உள்ளே அன்னதானம்.

"அண்ணே, அஞ்சு நிமிஷம் தமிழனா இருந்துட்டு வந்துடட்டுமா?" என்று கெஞ்சினான்.

"நாடுங்கிறது என்ன சட்டையா, கழட்டிக் கழட்டி மாட்ட? ஜப்பான்காரனாவே சாப்பிடு."

பந்தியில் உட்கார்ந்தார்கள். ஜப்பான்காரர் சோற்றைக் கையால் தொடமாட்டார், குச்சிதான் என்று கோதண்டத்துக்கு ஞாபகம் வந்தது. முற்றத்து விளக்குமாற்றிலிருந்து ஆளுக்கு இரண்டு ஈர்க்குச்சி உருவிக்கொண்டார்கள். கழுவித்தான். சாம்பார் சாதத்தில் ஒரு பருக்கை வாய்க்குப் போனால் ஒன்பது பருக்கை சட்டைக்குப் போயிற்று. போகட்டும், அடுத்தது ரசம் என்று வைரக்கண்ணு பொறுத்துக்கொண்டான்.

ரச வாளி வந்தது. பரிமாறுகிறவர் குச்சிகளைப் பார்த்தார். "பாவம்ப்பா, வெளிநாட்டுக்காரங்க. ரசம் காரம் தாங்கமாட்டாங்க. வாழைப்பழம் குடுத்து அனுப்பு" என்று கூட வந்தவரிடம் சொல்லிவிட்டு, வாளியோடு தாண்டிப் போய்விட்டார்.

வைரக்கண்ணு வாளியைப் பார்த்துக் கையை நீட்டினான். "ஐயா! எனக்கு ரசம் ஊத்துங்கய்யா!" என்று அலறிவிட்டான்.

பந்தியே திரும்பிப் பார்த்தது. கோதண்டம் பதறி எழுந்தார். "மன்னிச்சுக்குங்க. நாங்க ஜப்பான். எங்க யாருக்கும் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. இவனுக்குப் பசியில தானா வந்துடுச்சு."

"அடடா! ஜப்பான்காரர் தமிழ் பேசுறாரே!" என்று பந்தியில் ஒருவர் கூவினார்.

அவ்வளவுதான். கூடப் பிறந்தவன் தமிழ் பேசினால் காதில் வாங்காத கூட்டம், எச்சில் கையோடு எழுந்து வந்து சூழ்ந்துகொண்டது. வைரக்கண்ணுவை இலையிலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டு போய் மேடையில் நிறுத்தினார்கள். கோயில் தலைவர் பொன்னாடை போர்த்தி, "நம்ம பிள்ளைங்க வெட்கப்படணும்! என்ன சுத்தமான தமிழ்! உச்சரிப்புதான் கொஞ்சம் இடிக்குது, போகப்போகச் சரியாயிடும்" என்றார். கீழே யாரோ அவனுடைய இலையை மடித்து எடுத்துப் போனார்கள். அதைப் பார்த்துக்கொண்டே மைக்கைப் பிடித்த வைரக்கண்ணு, கண் இருட்டி, தொப்பென்று குப்புற விழுந்தான்.

கூட்டம் பதறியது. கோதண்டம் மட்டும் அசரவில்லை. "பயப்படாதீங்க. எங்க ஜப்பான்ல மரியாதை செய்யறது இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, ஞானமுத்துவையும் இழுத்துக்கொண்டு பக்கத்திலேயே குப்புறப் படுத்தார்.

தலைவருக்கு நெஞ்சு விம்மிவிட்டது. பதில் மரியாதை செய்யாவிட்டால் தமிழனுக்கு அழகா? அவர் படுத்தார். பந்தி படுத்தது. பரிமாறுகிறவரும் வாளியை ஓரமாக வைத்துவிட்டுப் படுத்தார்.

வைரக்கண்ணுவுக்கு மெல்ல நினைவு திரும்பியது. ஒரு கண்ணைத் திறந்தான். மண்டபம் முழுக்க மனிதர்கள் குப்புறக் கிடக்க, கேட்பாரற்று ஆவி பறக்க நின்றுகொண்டிருந்தது ரச வாளி.

"அண்ணே, எல்லாரும் படுத்திருக்காங்க. போய் ஒரு வாய் குடிச்சிட்டு வந்துடறேன்."

"அசையாதே! முதல்ல எழுந்திரிக்கிறவனைத் தமிழன்னு கண்டுபிடிச்சிடுவாங்க" என்று பல்லைக் கடித்தார் கோதண்டம்.

எதிரே படுத்திருந்த தலைவர் தம் ஆட்களிடம் கிசுகிசுத்தார்: "விருந்தாளிங்க எழுந்திரிக்கிற வரைக்கும் ஒருத்தரும் தலையைத் தூக்கக் கூடாது!"