பனைமரத்து அடைகாப்பு நிலையம்

"பனைமரத்து நிலையத்துல முட்டையைக் கொடுத்தா நூற்றுக்கு நூறு குஞ்சுதானாம்!"

ஒரு பச்சைக்கிளி இன்னொரு கிளியிடம் இப்படிச் சொல்லிக்கொண்டே பறந்து போனது. கீழே முட்புதருக்குள் உட்கார்ந்திருந்த துத்தி என்ற பெண் கௌதாரியின் காதில் அது விழுந்தது.

துத்தியின் முன்னால் மூன்று முட்டைகள் இருந்தன. ஆனால் அவளால் அடைகாக்க முடியாது. இரண்டு கோடைக்கு முன்னால் வந்த காட்டுத்தீயில் அவள் வயிறு வெந்துபோயிருந்தது. தோல் தடித்து, சூடே இல்லாமல் போய்விட்டது. போன வருடம் அவள் கணவன் வரகன் அடைகாத்துப் பார்த்தான். ஒரு முட்டை உடைந்தது. மற்றவை குளிர்ந்து வீணாகின.

"என்னங்க, வேற ஒரு தாய்தான் நமக்காக அடைகாக்கணும்" என்றாள் துத்தி. "முட்டையிட்டு அஞ்சு நாள் ஆச்சு. இன்னும் ரெண்டு நாளைக்குள்ள சூடு கிடைக்கலேன்னா அவ்வளவுதான்."

"அப்போ பனைமரத்துக்கே போவோம், வா!" என்றான் வரகன்.

அந்த நிலையத்தை நடத்தியது நெடுவாலன் என்ற வால்காக்கை. அவன் நீண்ட வாலை ஆட்டிக்கொண்டு தாழ்ந்து தொங்கிய மட்டைக்கு இறங்கி வந்தான்.

"வாங்க மாப்பிள்ளை! வா தங்கச்சி! கவலையை இங்கேயே இறக்கி வச்சிடுங்க. மேலே பத்துத் தாய்கள் அடையில உட்கார்ந்திருக்காங்க. இருபது நாள், குஞ்சு உங்க கையில!"

"ஒரு முட்டைகூட வீணாகாதா?" என்று கேட்டான் வரகன்.

"வீணா? அந்த வார்த்தையே இங்கே கிடையாது! எங்க தாய்கள் இருபது நாளும் இடத்தை விட்டு எழுந்திருக்கவே மாட்டாங்க!"

வரகன் வாயைப் பிளந்தான். துத்தி தலையைச் சாய்த்தாள்.

"தண்ணி குடிக்கக்கூடவா எழுந்திருக்க மாட்டாங்க, அண்ணே?"

"மாட்டாங்க!"

"இரை தேட?"

"மாட்டாங்கன்னு சொல்றேன்ல!"

துத்தி மரத்தடியைப் பார்த்தாள். மண் சுத்தமாக இருந்தது. பத்துத் தாய்கள் இருக்கும் இடத்துக்குக் கீழே ஓர் எச்சம்கூட இல்லை.

"எங்க முட்டைக்கு வர்ற தாயை ஒரு தடவை பார்க்கலாமா? ரெண்டு வார்த்தை பேசணும்."

நெடுவாலனின் வால் நின்றது. "அது விதிக்கு விரோதம், தங்கச்சி. பேசினா பாசம் ஒட்டிக்கும். அப்புறம் குஞ்சைத் தரமாட்டேன்னு தகராறு வரும். நீங்க முட்டையை வச்சிட்டுப் போங்க. இன்னைக்கு வச்சா நல்லது."

"நாங்க யோசிச்சுட்டு வர்றோம்" என்றாள் துத்தி.

திரும்பும் வழியில் வரகன் பொரிந்து தள்ளினான். "யோசிக்க என்ன இருக்கு? நல்லா மரியாதையாத்தானே பேசினான்! நீ இப்படியே கேள்வி கேட்டுக்கிட்டிரு, முட்டை குளிர்ந்து போகட்டும்!"

துத்தி சட்டென்று திரும்பி நடந்தாள். பனைமரத்தின் பின்பக்கம் போய், காய்ந்த ஓலைகளைக் காலால் கிளறினாள். அடியில் முட்டையோடுகள் கிடந்தன.

"பாரு, எத்தனை குஞ்சு பொரிச்சிருக்கு!" என்றான் வரகன்.

"நல்லா பாருங்க. குஞ்சு வெளியே வந்தா ஓடு தலைப்பக்கம் வட்டமா கழன்றிருக்கும். இது எல்லாத்திலயும் பக்கவாட்டுல ஓட்டை. வெளியிலிருந்து அலகால குத்தியிருக்கு."

வரகன் ஓடு ஒன்றைப் புரட்டிப் பார்த்தான். "நல்லவேளை, நீ கேள்வி கேட்டே!" என்றான்.

மறுநாள் குளக்கரைக்குப் போனார்கள். அங்கே கோரைப்புற்களுக்கு நடுவே தாழைக்கோழி ஒருத்தி அடைகாப்பு நிலையம் நடத்துகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். அவள் "வாங்க" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். பிறகு அவளே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

"முட்டையிட்டு எத்தனை நாள்? குஞ்சு வந்த பிறகு ராத்திரியில அதுகளுக்கு யார் சூடு கொடுப்பீங்க?"

"என் சிறகுக்குள்ள வச்சுக்குவேன்" என்றான் வரகன். "முட்டைக்குத்தான் என் சூடு பத்தலை. குஞ்சைப் பார்த்துக்குவேன்."

"சரி. ஒண்ணு சொல்லிடறேன். போன வருஷம் பத்து ஜோடி வந்தாங்க. மூணு ஜோடிக்குக் குஞ்சு வரலை."

வரகனின் முகம் வாடியது. "என்ன அக்கா, இப்படிப் பயமுறுத்தறீங்க!"

"பயமுறுத்தலை தம்பி. அந்த மூணு ஜோடியில ஒண்ணு பக்கத்து வேப்பமரத்துல இருக்கு. புள்ளிப்புறா. போய்க் கேட்டுட்டு வாங்க."

 புள்ளிப்புறா சொன்னது: "எங்களுக்குக் குஞ்சு கிடைக்கலைதான். ஆனா தினமும் கூப்பிட்டுக் காட்டினாங்க. முட்டை கெட்டுப்போன அன்னைக்கே சொல்லிட்டாங்க. மறைக்கலை. இந்த வருஷமும் அங்கேதான் கொடுத்திருக்கோம்."

அவர்கள் திரும்பி வந்தபோது தாழைக்கோழி ஒரு காட்டுக்கோழியை அழைத்து வந்திருந்தாள். "இவ பேரு சிவந்தி. இவ பிள்ளைங்க வளர்ந்து போயிட்டாங்க. நீங்க பேசிக்கிட்டிருங்க" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய்விட்டாள்.

"உங்களை யாராவது கட்டாயப்படுத்தினாங்களா, அக்கா?" என்று துத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

சிவந்தி சிரித்தாள். "என்னையா? என்னை என் புருஷனே கட்டாயப்படுத்த முடியாது! ஆனா எனக்கு ஒரு நிபந்தனை இருக்கு. காலையிலயும் சாயங்காலமும் நான் எழுந்து போய் இரை எடுப்பேன், தண்ணி குடிப்பேன், மண்ணுல புரளுவேன். அந்த நேரம் நீங்க வந்து முட்டைக்குக் காவல் இருக்கணும். சம்மதமா?"

"சம்மதம்!" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அன்றே முட்டைகள் சிவந்தியின் வயிற்றடிக்குப் போயின.

காலையும் மாலையும் துத்தி காவலுக்கு வந்தாள். வரகன் பனைமரத்துப் பாதையில் நின்றுகொண்டான். முட்டையோடு போகும் ஜோடிகளை எல்லாம் மறித்து, ஓலைக்கு அடியில் கிடந்த ஓடுகளைக் காட்டினான். பத்து நாளில் நெடுவாலன் வேறு காடு தேடிப் பறந்துவிட்டான்.

பன்னிரண்டாம் நாள் தாழைக்கோழி துத்தியைக் கூப்பிட்டாள். "ஒரு முட்டையில அசைவு இல்லை. நீயே பாரு." துத்தி பார்த்தாள். அழுதாள். சிவந்தி மற்ற இரண்டையும் இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டாள்.

பத்தொன்பதாம் நாள் காலை ஓட்டுக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. ஓடு தலைப்பக்கம் வட்டமாகக் கழன்றது. ஒரு குஞ்சு வந்தது. வெயில் ஏறும்போது இன்னொன்றும் வந்தது. சிவந்தி மெல்ல எழுந்து ஒதுங்கி நின்றாள். வரகன் ஓடிவந்து இரண்டையும் சிறகுக்குள் எடுத்துக்கொண்டான்.

துத்தி புற்றைக் கிளறி, கொழுத்த கரையான் ஒன்றைக் கொத்தி எடுத்தாள். அதைக் கொண்டுபோய் முதலில் சிவந்தியின் அலகில் ஊட்டினாள்.

நம் பிள்ளையைச் சுமக்கப் போகிறவளோடு பேச விடுகிறவர்களையும், கைகூடாமல் போகலாம் என்பதை முன்னாலேயே சொல்கிறவர்களையும் நம்பித்தான் அந்தப் பொறுப்பைக் கொடுக்க வேண்டும்.