சர்வர் ரூமில் வெந்த விண்ணப்பம்

நெட்டைப்பனையூரில் புத்தி விளையாது என்று யாரும் வாய்க்கு வந்தபடி சொல்லிவிட முடியாது. நன்றாகவே விளையும். அறுப்புக்கு முந்தின நாள் ஆடு மேய்ந்துவிடும், அவ்வளவுதான்.

அந்த ஊர்ப் பஞ்சாயத்து ஆபீஸுக்கு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் செங்கமலம் வந்தாள். இடுப்பில் நாலு வயசு மகள் பூவிழி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி.க்கு ஒரே ஒரு இடம்தான் பாக்கி. சாயங்காலம் ஐந்து மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால் திங்கட்கிழமை பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு, இவள் தீப்பெட்டிக் கம்பெனி வேலைக்கு. சேராவிட்டால் இரண்டு பேரும் இன்னொரு வருசம் வீட்டில்.

விண்ணப்பம் ஆபீஸ் இணையப் பக்கத்தில் மட்டும்தான் உண்டு. போன வாரம் செங்கமலம் தன் போனில் திறந்தபோது கோழி கிண்டின குப்பை மாதிரி வெறும் அடைப்புக்குறிகளாக நின்றது. பெயர் எழுத ஒரு கட்டம் கூட வரவில்லை.

இந்தக் கோளாறுக்காகத்தான் செவ்வாய்க்கிழமை டவுனிலிருந்து எஞ்சினியர் ரெபேக்கா வந்துவிட்டுப் போனாள். படிவம் எழுதியிருப்பது எக்ஸ்எம்எல் என்கிற பாஷையில். போனில் உள்ள ப்ரவுசர்தான் அதைக் கட்டமும் கோடுமாக மாற்றிக் காட்டவேண்டும். புதுப் போன் மாற்றிவிடும், பழைய போன் முழிக்கும். அதனால் மாற்றுகிற வேலையை ஆபீஸ் சர்வரே செய்யும்படி அமைத்துவிட்டு, ஆபீஸ்காரர்களுக்கும் புரியட்டுமே என்று சொன்னாள்.

"இத்தனை நாள் மாவைக் கையில கொடுத்து, வீட்ல போய் அவிச்சுக்கோங்கன்னு அனுப்பினீங்க. இனி இங்கயே அவிச்சு இட்லியா அனுப்பப் போறோம். எல்லாம் சர்வர் ரூம்லயே நடந்துரும். போனுக்கு ஒரு வேலையும் கிடையாது. நீங்க எதையும் தொடவேண்டாம்."

தலைமை எழுத்தர் அம்பலவாணன் அதை வார்த்தை விடாமல் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினார். கடைசி வரிக்கு மட்டும் அட்டையில் இடம் இல்லை.

செங்கமலம் வந்தபோது முன்கூடம் காலியாகக் கிடந்தது. மேசை, நாற்காலி, பீரோ ஒன்றையும் காணோம். பின்னாலிருந்து பல் தந்தியடிக்கிற சத்தம் மட்டும் வந்தது. எட்டிப் பார்த்தாள். குளியலறை அகலத்துக்கு ஒரு சர்வர் ரூம். அதற்குள் ஏசி ஓட, மூன்று மேசையும் பீரோவும் நெருக்கியடித்துக் கிடந்தன. அவற்றின் மேல் அம்பலவாணனும், டைப்பிஸ்ட் குருவம்மாளும், பியூன் சடையாண்டியும் குல்லாயும் ஸ்வெட்டருமாகக் குந்தியிருந்தார்கள்.

"சார்..." என்றாள். அவள் காதுக்கே கேட்கவில்லை.

"உள்ள வாம்மா!" என்றார் அம்பலவாணன். "அங்க நின்னு பேசினா வேலை வெளிய நடந்ததாயிரும். எல்லாம் இந்த ரூம்லயே நடக்கணும்னு உத்தரவு."

செங்கமலம் பீரோ மேல் ஒரு கை ஊன்றி உள்ளே நுழைந்தாள். பூவிழியை மேசையில் உட்கார வைத்தாள். பூவிழி அம்பலவாணனின் முறுக்குப் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எல்.கே.ஜி. விண்ணப்பம் சார். போன்ல வரலை."

"போனை இப்படிக் கொடு. இனிமே அதுக்கு ஒரு வேலையும் கிடையாது."

அவர் ஃபைல் கட்டைத் தலையணையாக வைத்துப் போனைப் படுக்கவைத்தார். குருவம்மாள் துண்டால் போர்த்திவிட்டாள்.

"தாயி, இதுல அலாரம் அடிக்குமா?"

"காலைல அஞ்சு மணிக்கு அடிக்கும்க்கா."

"ஐயோ பாவம், விடியக்காலத்துலயே எழுந்திருக்குதே! அதையும் நிப்பாட்டிரு தாயி. அதுவும் வேலைதானே."

செங்கமலம் அலாரத்தை நிறுத்தினாள். மூன்றரை மணி.

"சார், படிவம்..."

"வேகுதும்மா."

சடையாண்டி சர்வரைத் தொட்டுப் பார்த்தான். "ஐயா, கொஞ்சம் கூடச் சூடு ஏறலை."

மூவரும் கவலையோடு ஆலோசித்தார்கள்.

"ஏசியை நிப்பாட்டுவமா?"

"அட்டையில ஏசியைப் பத்தி ஒண்ணும் இல்லையே ஐயா."

"அக்கா, மூடி போட்டாங்களா?" என்றான் சடையாண்டி.

குருவம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அதானே! மூடாம எந்த ஊர்ல இட்லி வெந்திருக்கு?"

மூன்று பேரும் ஸ்வெட்டரைக் கழற்றிச் சர்வரைச் சுற்றிக் கட்டினார்கள். இட்லி அப்படி வேகாது என்று செங்கமலத்துக்குத் தெரியும். இது இட்லியே இல்லை என்றும் தெரியும். சொல்ல வந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து, அத்தனை ஆபீஸர்களைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் சர்வர் புழுங்கி, கீச்சென்று கத்தியது.

"விசில்!" என்றான் சடையாண்டி.

"இட்லிக்கு ஏதுடா விசில்? நீ குக்கர்ல வச்சிட்டியா?" என்று குருவம்மாள் அதட்டினாள். விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை உருவி, சர்வரின் ஓட்டையில் விட்டு எடுத்தாள். குச்சியில் மாவு ஒட்டவில்லை. தூசிதான் ஒட்டியிருந்தது. "வெந்துருச்சு ஐயா. இறக்கிரலாம்."

ஸ்வெட்டரை அவிழ்த்ததும் சர்வருக்கு மூச்சு வந்தது. அறையிலிருந்த கம்ப்யூட்டரில் படிவம் பளிச்சென்று திறந்தது. கட்டங்கள், கோடுகள், ஒரு அடைப்புக்குறி கூட இல்லை. செங்கமலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நாலரை மணி.

"மாணவர் பெயர்," என்று வாசித்தார் அம்பலவாணன்.

"பூவி..."

"நீ பேசாதேம்மா! குருவம்மா, இத்தனை நாள் இதை யாரு நிரப்பினது?"

"வர்றவங்க போன்ல நிரப்புவாங்க ஐயா."

"அப்ப அது போன் வேலை. போனுக்குத்தான் வேலை கிடையாதே. இந்தம்மா போனுக்குச் சொந்தக்காரி. போன் தூங்கும்போது இவங்களை மட்டும் வேலை வாங்கினா நல்லாவா இருக்கு?"

"நல்லா இருக்காது ஐயா."

"ஆக, பேரு இந்த ரூம்லயே கிடைக்கணும். சர்வருக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கிறது யாரு?"

"நீங்கதான் ஐயா."

அம்பலவாணனுக்கு வெட்கம் வந்துவிட்டது. "எனக்கா? இந்த வயசிலயா?"

"வயசுக்குத் தனிக் கட்டம் இருக்கு. அதுல பாத்துக்கலாம்," என்று குருவம்மாள் தட்ட ஆரம்பித்தாள். பெயர், அம்பலவாணன். வயசு, ஐம்பத்திரண்டு. "தடுப்பூசி போட்டாச்சா?"

அவர் புஜத்துத் தழும்பைத் திருப்பிக் காட்டினார்.

"தானா சட்டை போட்டுக்கத் தெரியுமா?"

"தெரியும். மேல் பட்டன் மட்டும் வீட்ல போட்டுவிடுவாங்க."

"போன் நம்பர்?"

சடையாண்டி துண்டை மெல்ல விலக்கி, போனின் முதுகில் செங்கமலம் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து, போன் முழித்துக்கொள்ளாதபடி ரகசியமாகச் சொன்னான்.

"பாதுகாவலர்?"

இங்கே கொஞ்சம் இடித்தது. குருவம்மாள், "உங்க கீழ வேலை பாக்குறவ உங்களுக்குப் பாதுகாவலரா இருக்கிறது மரியாதை இல்ல ஐயா," என்றாள். சடையாண்டியும் அதையே சொன்னான்.

"நான் பூவிழி," என்றாள் பூவிழி, கடைசி முறுக்கைக் கடித்துக்கொண்டு.

"இவங்களும் ரூம்லதான் இருக்காங்க!" என்றான் சடையாண்டி.

"நல்லாத் தெளிவாப் பேசுறாங்க. போடு," என்றார் அம்பலவாணன்.

கையெழுத்துக் கட்டத்தில் பூவிழி ஒரு வாத்து வரைந்தாள். செங்கமலத்தின் தொண்டையில் அடைத்துக் கிடந்தது எல்லாம் அப்போதுதான் ஒன்றாய் வெளியே வந்தது.

"ஐயய்யோ சார்! படிக்கப் போறது அவ சார்! நீங்க இல்ல!"

அவள் பிறந்ததிலிருந்து அவ்வளவு சத்தமாகப் பேசினதில்லை. சடையாண்டி திடுக்கிட்டு, எதையாவது பிடித்துக்கொள்ளக் கை நீட்டினான். 'அனுப்பு' என்ற பொத்தான்தான் கையில் அகப்பட்டது.

துண்டுக்குள் போன் டிங் என்றது.

"யாருடா அதுக்கு வேலை வச்சது!" என்று அம்பலவாணன் சீறினார்.

செங்கமலம் எடுத்துப் பார்த்தாள். வந்த மெசேஜைத் தொட்டதும் அந்தப் பழைய போனிலும் பக்கம் அழகாகத் திறந்தது. "விண்ணப்பம் ஏற்கப்பட்டது. மாணவர்: அம்பலவாணன். பாதுகாவலர்: பூவிழி. எல்.கே.ஜி.யில் இனி இடம் இல்லை." நேரம் நாலு ஐம்பத்தெட்டு.

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வரைக்கும் அழுதாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். அம்பலவாணன் நெற்றி நிறையத் திருநீறும், கழுத்தில் தண்ணீர்ப் புட்டியுமாக நின்றார்.

"ஆர்டர் வந்துட்டா போகத்தானே வேணும்? பாதுகாவலர்தான் கொண்டுவந்து விடணுமாம்."

பூவிழி அவர் விரலைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். செங்கமலம் பின்னாலேயே ஓடினாள். டீச்சரும் அதே ஊர்தான். காகிதங்களைப் புரட்டிப் பார்த்து, "எல்லாம் சரியா இருக்கு," என்று அவரைச் சின்ன நாற்காலியில் உட்காரவைத்தாள். பூவிழி வாசல் பக்கம் திரும்பினதுதான் தாமதம், அம்பலவாணன் "ஓ" என்று வைத்த அழுகையில் அரசமரத்துக் காக்காய் எல்லாம் எழும்பிப் போயின.

"பச்சைப் பிள்ளை பழகவேண்டாமா?" என்றாள் டீச்சர். "அழுகை நிக்கிற வரைக்கும் பாதுகாவலர் பக்கத்துலயே உட்காரட்டும். அவங்களுக்கும் ஒரு சிலேட்டுக் கொடுங்க."

செங்கமலம் சிரிப்பை முந்தானையில் பொத்திக்கொண்டு தீப்பெட்டிக் கம்பெனிக்கு ஓடினாள்.

அழுகை அந்த வருசம் முழுக்க நிற்கவில்லை. பங்குனி மாசம் பாதுகாவலர் 'அ' முதல் 'ன்' வரைக்கும் பார்க்காமல் எழுதினாள். மாணவர் இன்னும் 'ஈ'யிலேயே நின்றுகொண்டிருந்தார். டீச்சர் பாதுகாவலரைத் தனியாகக் கூப்பிட்டு, பையன் ஏன் இப்படிப் பின்தங்கிவிட்டான் என்று விசாரித்தாள்.

பூவிழி பெருமூச்சு விட்டாள்.

"நான் சொல்லிக் கொடுக்காம இல்ல டீச்சர். மூணு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் நேரா ஆபீஸுக்கு ஓடிருறான். அங்க சேர்க்கை சரியில்ல."