முழுங்கட்டும், சார்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் மன்னிக்கணும். இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்று. பெயர் ஜீனத். சேலத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் ஆப் எழுதுகிறவர். சீடருக்கு நாற்பத்தாறு. பெயர் தணிகாசலம். பெரிய பெரிய சர்வர்களைக் கட்டி மேய்த்த மனுஷன். அந்த வேலை போய், மூன்று மாசமாக ஜீனத்தின் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து புதிதாக வேலை கற்றுக்கொண்டிருந்தார்.

அவர் இவரை சார் என்பார். இவர் அவரை மேடம் என்பார். மரியாதைக்குக் குறைச்சல் கிடையாது.

அன்று காலை தணிகாசலம் ஒரு கேள்வி கேட்டார். ஒரு வாரமாகச் சரியாகத் தூங்காத முகம்.

"ஒரே ஒரு வரிதான் மேடம் மாத்தினேன். அந்த ஆப் எதுக்கு ஒவ்வொரு பேருக்கும் அவ்வளவு நேரம் காத்துக்கிட்டு நிக்கணும்?"

ஜீனத் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

விஷயம் இதுதான். மலைமேல் ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து போடுகிற செவிலியர்களுக்கு அந்தக் கம்பெனி ஒரு ஆப் செய்து கொடுத்திருந்தது. மலையில் நெட்வொர்க் கிடையாது. அதனால் டேப்லெட்டுக்குள்ளேயே, ஆப்போடு ஆப்பாக, பதிவுகளைச் சேமித்து வைக்கிற ஒரு குட்டி டேட்டாபேஸ் லைப்ரரி. சர்வர் கிடையாது, ஆள் அம்பு கிடையாது, ஒரே ஒரு ஃபைல். குழந்தையின் பெயரைப் போட்டால் அந்த லைப்ரரி அதை எழுதும். நிஜமாகவே உள்ளே பதிந்துவிட்டதா என்று டேப்லெட்டைக் கேட்கும். பதிந்தது என்று பதில் வந்த பிறகுதான் பச்சை டிக் காட்டும். மட்டமான டேப்லெட்டில் அதற்கு இரண்டு மூன்று விநாடி ஆகும்.

"டிக் வர்றதுக்குள்ள அடுத்த குழந்தை ஓடிப்போயிடுது" என்று செவிலியர்கள் அலுத்துக்கொண்டார்கள்.

அப்போது ஜீனத் லீவு. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். வேலைக்கு வந்து இரண்டே வாரம் ஆன தணிகாசலம் அந்தக் காத்திருப்பை ஒரு வரியில் நிறுத்தினார். தொட்டதும் டிக். ஆபீஸே கை தட்டியது. சும்மா சொல்லக்கூடாது, மனுஷனுக்கும் அந்தக் கைதட்டல் தேவையாகத்தான் இருந்தது. அந்தத் தெம்பில் செவிலியர்களின் பயிற்சி வகுப்பில் எழுந்து நின்று ஒரு வார்த்தையும் சொன்னார்.

"பச்சை டிக் வந்தா போதும் சிஸ்டர். இனிமே நோட்டையெல்லாம் வீட்லயே வச்சுட்டு வாங்க."

சகாயமேரி என்கிற செவிலியர் அப்படியே வைத்துவிட்டுப் போனார். நான்கு நாளில் ஒன்பது ஊர் நடந்து, இருநூற்றுப் பதினாலு குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து போட்டார். இருநூற்றுப் பதினாலு பச்சை டிக். நாலாம் நாள் சாயங்காலம், பேட்டரி இருபது சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்த டேப்லெட் பொட்டென்று அணைந்தது. மறுநாள் ஃபைல் திறக்கவில்லை. எழுதிவிட்டேன் என்று ஆப் சொன்னதில் பாதி எழுதப்படவே இல்லை. எழுதின மிச்சமும் கன்னாபின்னாவென்று கிடந்தது.

ஜீனத் மூன்று நாள் உட்கார்ந்து தோண்டினார். அறுபத்தோரு பெயர் கிடைத்தது. மீதி போனது போனதுதான்.

"பெரிய சர்வர்ல இந்தத் தொல்லையே இல்ல மேடம். கரண்ட் போனா பாத்துக்க நாலு பேர் இருப்பாங்க" என்றார் தணிகாசலம். "இது ஏன் இப்படி ஒவ்வொண்ணுக்கும் நின்னு நின்னு..."

ஜீனத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாளைக்கு மலைக்குப் போறேன் சார். சிஸ்டர் மறுபடி ஊர் ஊரா நடக்கிறாங்க. மருந்து போட்டதுக்கு அடையாளமா குழந்தைங்க விரல்ல வச்ச மை அழியறதுக்குள்ள பாத்து எழுதணும். நீங்களும் வாங்க."

"நான் எதுக்கு மேடம்?"

"பை தூக்க ஆள் வேணும்."

இதுவா பதில்? தணிகாசலத்துக்குச் சுர்ரென்றது. ஆனால் போனார்.

சகாயமேரி பஸ் நிறுத்தத்திலேயே நின்றிருந்தார். ஐம்பத்தொன்பது வயது. ஒரு தோளில் மருந்து வைத்த ஐஸ் பெட்டி, இன்னொரு தோளில் பை, கையில் ஒரு புது நோட்டு. தணிகாசலத்தைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"மன்னிச்சுக்கங்க சார். என்னாலதான் உங்களுக்கெல்லாம் அலைச்சல். சார்ஜ் சரியாப் போட்டிருக்கணும். கெழவி, புத்தி வேலை செய்யல."

தணிகாசலம் அவர் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

"எங்க சுகாதார நிலைய டாக்டர் மெமோ குடுத்துட்டார் சார். அலட்சியம்னு போட்டிருக்கு. ரிட்டயர் ஆக எட்டு மாசம். இவ்வளவு காலத்துல ஒரு மெமோ வாங்கினதில்ல நான்." சகாயமேரி நடந்துகொண்டே சொன்னார். "நாளைக்குக் காலைல மேலதிகாரிக்கு அனுப்பிடுவாராம். போனா பென்ஷன் பைல் நின்னுடும். சரி விடுங்க, வாங்க. வெயில் ஏறுது."

ஜீனத் தணிகாசலத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

முதல் ஊரில் முப்பது குழந்தைகள். இடது கைச் சுண்டுவிரலை நீட்டச் சொல்லி, நகத்தைப் பார்த்து, பெயர் கேட்டு எழுத வேண்டும். மண்ணில் விளையாடின விரல்கள். சிலதில் மை நகக்கண்ணில் நூல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சகாயமேரி குனிந்து நிமிரும்போதெல்லாம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு "ஏசப்பா" என்றார். இரண்டாவது ஊருக்கு ஏற்றம். தணிகாசலத்துக்கு மூச்சு வாங்கியது. இந்த ஏற்றத்தை இந்த அம்மாள் போன வாரம்தானே ஏறி இறங்கினார் என்று நினைத்தபோது இன்னும் வாங்கியது.

மூன்றாவது ஊரில், ரேஷன் கடை வாசலில், மூன்று வயதுக் குழந்தை ஒன்றின் விரல் சுத்தமாக இருந்தது.

"அன்னைக்கு நாங்க ஊர்ல இல்லீங்க. சந்தைக்குப் போயிட்டோம்" என்றாள் அதன் அம்மா.

சகாயமேரி ஐஸ் பெட்டியைத் திறந்தார். குழந்தையின் தாடையைப் பிடித்து வாயில் இரண்டு சொட்டு விட்டார். அப்புறம் மைப் பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

குழந்தை கன்னத்தை உப்பிக்கொண்டு அவரையே முறைத்தது.

பின்னால் ஏழெட்டு அம்மாமார்கள் நின்றிருந்தார்கள். "சீக்கிரம் விடுங்க சிஸ்டர், அடுப்புல சோறு கிடக்கு" என்றாள் ஒருத்தி.

சகாயமேரி அசையவில்லை.

தணிகாசலத்துக்குக் கால் கெஞ்சியது. "வாய்ல விட்டாச்சே சிஸ்டர். மையை வச்சுட்டு அடுத்ததைப் பாக்கலாமே."

"முழுங்கட்டும், சார்."

"முழுங்காம எங்க போகும்?"

குழந்தை தூவென்று துப்பியது. நேராகத் தணிகாசலத்தின் சட்டையில். அம்மாமார்கள் சிரித்தார்கள்.

"போக்கிரி" என்றார் சகாயமேரி. மறுபடி பெட்டியைத் திறந்தார். மறுபடி இரண்டு சொட்டு. மறுபடி நின்றார். குழந்தையின் தொண்டை ஏறி இறங்கியது. "ஆ காட்டு" என்றார். உள்ளே குனிந்து பார்த்தார். பிறகுதான் சுண்டுவிரலைப் பிடித்து நகத்தில் மை வைத்தார்.

தணிகாசலம் சட்டையைத் துடைத்துக்கொண்டார். "முன்னாடியே மை வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும் சிஸ்டர்? இன்னொரு தடவை போட்டிருப்பீங்க, அவ்வளவுதானே?"

"நான் இருந்தாப் போட்டிருப்பேன். நான் அந்தப் பக்கம் திரும்பினப்புறம் துப்பியிருந்தா?" சகாயமேரி பேனாவை மூடினார். "மையைப் பாத்தா அடுத்த ஆளு போட மாட்டாங்க சார். போட்டாச்சுன்னு போயிடுவாங்க."

தணிகாசலம் ஜீனத்தைப் பார்த்தார். ஜீனத் நோட்டில் அந்தக் குழந்தையின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் ரேஷன் கடைப் படியில் உட்கார்ந்தார்கள். சகாயமேரி எலுமிச்சை சாதத்தைப் பிரித்து மூன்று பங்காக்கினார். தணிகாசலம் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே இருந்தார்.

"சாப்பிடுங்க சார்."

"சிஸ்டர், பேட்டரி காரணமில்ல."

"என்ன சார்?"

"பேட்டரி அணைஞ்சாலும் டிக் வந்தது போகக் கூடாது. அப்படித்தான் அதைச் செஞ்சு வச்சிருந்தாங்க. டிக் சீக்கிரம் வரணும்னு நான்தான் ஒரு வரியை மாத்தினேன். உள்ள பதியறதுக்கு முன்னாலேயே டிக் வந்துடும். நோட்டு வேணாம்னு சொன்னதும் நான்தான். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

சகாயமேரி கையில் எடுத்த சோற்றைத் திரும்ப இலையில் வைத்தார்.

"எத்தனை நாளா சார் இது தெரியும்?"

"ஒரு வாரமா."

"ஒரு வாரமா." அவர் இலையைத் தள்ளி வைத்தார். "மெமோ வாங்கின அன்னைக்கு மருமக முன்னாடி உக்காந்து அழுதேன் சார் நான். வயசாச்சு, இனிமே எதுக்கும் லாயக்கில்லன்னு நானே சொல்லி அழுதேன். காலைல உங்களைக் கும்பிட்டு மன்னிப்பு வேற கேட்டேன். வாயை மூடிக்கிட்டு நடந்து வந்தீங்களே சார்!"

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிச்சுக்கங்க என்று சொல்லக்கூட வெட்கமாக இருந்தது.

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றார் சகாயமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "டாக்டர்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னா சாக்குன்னுவார்."

அந்தப் புது நோட்டிலிருந்தே ஒரு தாளைக் கிழித்து தணிகாசலம் எழுதினார். என்ன மாற்றினார், யாரைக் கேட்காமல் மாற்றினார், செவிலியரிடம் என்ன சொன்னார், எல்லாம். இரண்டு பக்கம் வந்தது. கீழே கையெழுத்தும் போன் நம்பரும் போட்டார். இதனால் இந்த வேலையும் போகலாம் என்று தெரிந்துதான் போட்டார். படித்துப் பார்த்த ஜீனத் ஒரு எழுத்துகூட மாற்றச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் இன்னும் இரண்டு ஊர். யாரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. மீதி ஊர்களுக்கு நாளையும் மறுநாளும் சகாயமேரிதான் போக வேண்டும். அவர் தன் வீட்டுப் பக்கம் திரும்பும்போது ஜீனத்திடம் மட்டும் "வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எதிரிலேயே பஸ் நின்றிருந்தது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஜீனத் ஏறி இடம் பிடித்தார். தணிகாசலம் கடிதத்தோடு உள்ளே போய்ப் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து, ஜன்னலோரம் பொத்தென்று உட்கார்ந்தார். கால் இரண்டும் விண் விண்ணென்று தெறித்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடினார்.

"குடுத்தாச்சு மேடம்" என்றார். "அப்பாடா."

ஜீனத் எதிரே சுகாதார நிலையத்தின் வாசலைப் பார்த்தார்.

"டாக்டர் இல்ல. ஆறு மணிக்கு வருவாராம். அட்டெண்டர்கிட்ட குடுத்தேன். மேஜைமேல வச்சுட்டார்."

"ம்."

"கவர்மேல அவசரம்னு பெரிசா எழுதியிருக்கேன். படிச்சுடுவார்." கண்ணைத் திறந்து ஜீனத்தைப் பார்த்தார். "இதை விட்டா பஸ் காலைலதான். ரெண்டு பேருமே செத்துக்கிடக்கோம். என்னால ஆனதைச் செஞ்சாச்சு. முடிஞ்சுதுதானே மேடம்?"

டிரைவர் ஏறி வண்டியை உறுமவிட்டார்.

ஜீனத்துக்கும் களைப்புதான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மடியில் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து, அவர் வெளியே வர வழிவிட்டு நின்றார்.

"வாய்லதான் விட்டிருக்கீங்க, சார்."