சோழருக்கு இறப்புச் சான்றிதழ்

ஈரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு மாடிக் கட்டடம். மேல வீடியோ கேம் கம்பெனி, கீழே என்னோட ஜெராக்ஸ் கடை. அடுத்தவங்களைப் பத்திப் பேசற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனா இதைச் சொல்லாம விட்டா எனக்கு வயித்தை வலிக்கும், அதனால சொல்லிடறேன்.

மேல மூணு பேர் வேலை பாக்கறாங்க. நாச்சிமுத்து படம் வரையறவன். அவன்தான் தலைவன், ஏன்னா அவன் நாற்காலிக்கு மட்டும்தான் கைப்பிடி ரெண்டும் இருக்கு. தேவசிகாமணி கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதறவன். இந்துமதி சத்தம் போடற பொண்ணு. தப்பா நினைக்காதீங்க, குதிரை ஓடற சத்தம், கத்தி மோதற சத்தம் எல்லாம் கேம்ல சேர்க்கறது அவ வேலை.

கேம் பேரு 'கோட்டைக்கு வேட்டு'. எழுநூறு, ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ராஜாக்கள் கோட்டை கட்டி, ஆள் சேர்த்து, ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்குவாங்க. மங்கோலியர், துருக்கர், வைக்கிங்னு ஆறு கூட்டம் ஏற்கெனவே அதுல இருக்கு.

திங்கட்கிழமை காலையில முதலாளி வசந்தாமணி மேடம் பெங்களூருக்குக் கிளம்பினாங்க. படிக்கட்டுல நின்னுகிட்டு அவங்க சொன்னது அத்தனையும் என் காதுல விழுந்தது. படிக்கட்டு என் கடைக்கு மேலதான் இருக்கு, நான் என்ன காதைப் பொத்திக்கவா முடியும்?

"வெள்ளிக்கிழமை பணம் போடறவரைக் கூட்டிட்டு வருவேன். அதுக்குள்ள கேமுக்கு ரெண்டு புது நாடு வேணும். இல்லேன்னா அவர் கையை விரிச்சிடுவார், ஆபீஸை இழுத்து மூடவேண்டியதுதான். நான் சொல்றதை மட்டும் செய்ங்க. அந்தக் காலத்துல இருந்து, அந்தக் காலத்துலயே முடிஞ்சுபோன நாடா இருக்கணும். வேற எந்தக் கேம்லயும் வந்திருக்கக் கூடாது. அத்தாட்சி இல்லாம எதையும் தொடாதீங்க."

நாச்சிமுத்துவுக்கு முகம் செத்துப்போச்சு. தை மாசம் அவனுக்குக் கல்யாணம். பொண்ணு வீட்டுக்காரங்க மேல வந்து, ஏசி நிஜமாவே ஓடுதான்னு கையை நீட்டிப் பாத்துட்டுத்தான் சம்மதம் சொல்லியிருந்தாங்க. ஆபீஸ் போச்சுன்னா பொண்ணும் போச்சு.

மேடம் கார் தெருமுனை திரும்பறதுக்குள்ள என் கடை வாசல்லயே மாநாடு ஆரம்பிச்சது.

"சோழரை எடுத்துக்கலாம்" என்றான் நாச்சிமுத்து.

"முடிஞ்சுபோயிட்டாங்களா?" என்று கேட்டாள் இந்துமதி.

"முடிஞ்சிருப்பாங்க. எங்க தெருவுல யாரும் இல்லை."

"உங்க தெருவுல இல்லைன்னா ஆச்சா? அத்தாட்சி வேணும்னு மேடம் சொன்னாங்கல்ல?"

தேவசிகாமணி கண்ணை மூடி யோசிச்சான். அவன் கண்ணை மூடினாலே எனக்குப் பகீர்னு இருக்கும். "எங்க தாத்தா முடிஞ்சுபோனப்போ இறப்புச் சான்றிதழ் வாங்கினோம். முடிஞ்சுபோனதுக்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி உலகத்துல இல்லை. சோழருக்கும் ஒண்ணு வாங்கிடுவோம்."

என்னால பொறுக்க முடியலை. "ஏனப்பா, மியூசியத்துல கல்வெட்டு கெடக்குது, போய்ப் பாக்கறதுதானே?"

நாச்சிமுத்து என்னைப் பாத்துப் பரிதாபப்பட்டான். "அக்கா, கல்வெட்டுல கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து இருக்குதுங்களா?"

நான் ஜெராக்ஸ் மெஷினுக்கு டோனர் மாத்தப் போயிட்டேன்.

மறுநாள் மூணு பேரும் வி.ஏ.ஓ. ஆபீஸுக்குப் போனாங்க. அங்க நடந்ததை இந்துமதி வந்து ஒரு வரி விடாம எனக்கு ஒப்பிச்சா.

"யார் இறந்தது?" என்று வி.ஏ.ஓ. கேட்டிருக்கார், தலையைத் தூக்காமலே.

"சோழருங்க."

"வீட்டிலயா, ஆஸ்பத்திரியிலயா?"

"போர்க்களத்துலங்க."

"அடிதடி கேஸா? போலீஸ்ல கடிதம் வாங்கிட்டு வாங்க. அடுத்த ஆள்!"

இவங்களுக்கு ஒரே சந்தோஷம். ஆபீசரே சோழர் செத்ததை ஒத்துக்கிட்டார், கடிதம் மட்டும்தான் பாக்கின்னு ஆளுக்கு ஒரு கரும்பு ஜூஸ் குடிச்சிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தாங்க.

ஸ்டேஷன்ல ரைட்டர் பேனாவைத் திறந்தார். "கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"நாங்க பாக்கலீங்க. ஆயிரத்து இருநூத்து எழுபத்தொம்போதுல இருந்து ஆளைக் காணோம்."

"இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"ஆபீஸ் ஆரம்பிச்சே நாலு வருஷம்தானுங்க ஆச்சு" என்றான் தேவசிகாமணி. நியாயமான பதில்தான்.

"ஏதாவது அடையாளம்?"

"கொடியில புலி இருக்குங்க."

ரைட்டர் பேனாவை மூடிட்டார். "புலின்னா வனத்துறை. இங்க எதுக்கு வந்தீங்க?"

வாசல்ல வேப்பமரத்தடியில ரெண்டாவது மாநாடு.

"பாண்டியருக்கு மாறிடுவோமா?" என்றாள் இந்துமதி.

"அவங்க கொடியில மீன். மீன்வளத்துறைக்குப் போகணும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகாது" என்றான் தேவசிகாமணி.

"சேரர்?"

"வில்லு, அம்பு! ஆயுத கேஸாயிடும். நம்ம மூணு பேரையும் தூக்கி உள்ள வெச்சிடுவாங்க" என்றான் நாச்சிமுத்து. தை மாசம் கல்யாணத்தை வெச்சுகிட்டு அவன் ஜெயிலுக்குப் போகத் தயாரா இல்லை.

புதன்கிழமை யாரோ ஒரு புண்ணியவான், ஆபீஸ் ஆபீஸா அலையாதீங்க, இ-சேவை மையத்துல கம்ப்யூட்டர்லயே போட்டுடலாம்னு சொல்லியிருக்கான். ஓடினாங்க. அங்க இருந்த அம்மா படிவத்தை நீட்டி, "மேல இருந்து கீழ வரைக்கும் ஆதார்ல இருக்கிற மாதிரியே நிரப்புங்க. ஒரு எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்பிடுவாங்க"ன்னு சொல்லிச்சு.

சோழர்கிட்ட ஆதார் கார்டு இல்லை. நாச்சிமுத்துகிட்ட இருந்தது. அதனால அவன் மேல இருந்து கீழ வரைக்கும் அதுல இருக்கிற மாதிரியே நிரப்பினான். விண்ணப்பிக்கிறவர் பேரு, நாச்சிமுத்து. இறந்தவர் பேரு, நாச்சிமுத்து. ஊரு, தகப்பனார் பேரு, பிறந்த தேதி, எல்லாம் அச்சு அசலா அவனோடது. இறந்த வருஷம் மட்டும் ஆதார்ல இல்லை. அதுக்கு 1279ன்னு போட்டான்.

எங்க மாமனார் நிஜமாவே செத்தார். அவர் சான்றிதழுக்கு நாங்க ஆறு மாசம் நடையா நடந்தோம். இவனுக்கு மறுநாளே வந்திடுச்சு! என் கடையிலதான் பிரிண்ட் எடுத்தாங்க. பிறந்தது 1991, இறந்தது 1279, கீழே கையெழுத்து, முத்திரை, ஒரு குறை சொல்ல முடியாது.

படிச்சதும் இந்துமதி தேம்பித் தேம்பி அழுதா. நாச்சிமுத்துவும் கூடவே அழுதான். தேவசிகாமணிதான் தைரியமா நின்னான்.

"அழுதது போதும். யோசிச்சுப் பாருங்க. அந்தக் காலத்துலயே முடிஞ்சாச்சு. அத்தாட்சி இருக்கு. நாச்சிமுத்து வேற எந்தக் கேம்லயாவது வந்திருக்கானா? வரலை. மேடம் கேட்ட மூணும் பொருந்துது. நம்ம புது நாடு நாச்சிமுத்துதான்."

"ஆனா எனக்குத் தை மாசம் கல்யாணமாச்சே. செத்தவன் தாலி கட்டலாமா? தீட்டு இல்லையா?"

"1279-ல செத்ததுக்கு இன்னுமா தீட்டு இருக்கும்? போடா."

நாச்சிமுத்துவுக்கு மனசு லேசாயிடுச்சு. போய் முகம் கழுவிட்டு வந்து தன் கோட்டையை வரைய உக்காந்தான்.

நாடுன்னா வரலாறு வேணும். நாச்சிமுத்து நாட்டுல இதுவரைக்கும் நடந்தது திங்கள், செவ்வாய், புதன் மூணு நாள்தான். அதை அப்படியே கேம்ல எழுதிட்டாங்க. அந்த நாட்டுக் கோட்டைக்கு அகழி கிடையாது, மதில் கிடையாது. வாசல்ல ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால ஒருத்தர். படைவீரன்னு பாத்தா அவர் ஒருத்தர்தான்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மேடம் பணம் போடறவரைக் கூட்டிட்டு வந்தாங்க. சேஷகிரின்னு பேரு, பெரிய மனுஷன், சிரிச்சே பழக்கமில்லாத முகம். ஜெராக்ஸ் கொடுக்கற சாக்குல நானும் மேல போயிட்டேன். நாச்சிமுத்து சான்றிதழை ரெண்டு கையாலயும் நீட்டினான். மேடம் படிச்சுப் பாத்துட்டு அப்படியே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"என்னடா இது?"

"புது நாடுங்க மேடம்."

அவங்க திட்ட ஆரம்பிக்கறதுக்குள்ள தேவசிகாமணி கேமைப் போட்டுட்டான். திரையில நாச்சிமுத்து கோட்டை. எதிர்ல புழுதியைக் கிளப்பிட்டு மங்கோலியர் ஆயிரம் குதிரையில வந்தாங்க. மேஜைக்காரர் தலையைத் தூக்கலை. "ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எங்க?" என்றார். ஆயிரம் குதிரையும் நின்னுது. மங்கோலிய ராஜா இறங்கிப் போய் ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்தார். "ஒரிஜினல்?" என்றார் மேஜைக்காரர். ராஜா திரும்ப ஓடி ஒரிஜினலையும் கொண்டுவந்தார். "சாப்பாட்டு நேரம். நாளைக்கு வாங்க." உலகத்தையே நடுங்க வெச்ச படை வரிசையில நின்னு, டோக்கன் வாங்கி, தலையைச் சொறிஞ்சுட்டுத் திரும்பிப் போச்சு.

மேடம் கண்ணை இறுக்க மூடிட்டாங்க. நாச்சிமுத்துவுக்கு உதடு கோணிடுச்சு. கல்யாண மண்டபத்துக்கு எப்படிச் சொல்றதுன்னு அவன் அப்பவே யோசிக்க ஆரம்பிச்சிட்டான்னு எனக்குத் தெரிஞ்சது.

அப்போ சேஷகிரி சார் தோள் குலுங்குச்சு. அப்புறம் வயிறு குலுங்குச்சு. கண்ணுல தண்ணி வர வர சிரிச்சார். "போன வாரம் பட்டா மாத்தப் போயி நான் பட்ட பாடு இருக்கே! அம்மா, இந்த நாட்டை எவனும் ஜெயிக்க முடியாதும்மா. எடுத்துக்கறேன்!"

இந்துமதி என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டா. நாச்சிமுத்து, இறந்தவர், ரெண்டு குதி குதிச்சான். மேடம் நாற்காலியில தொப்புன்னு உக்காந்து தண்ணி கேட்டாங்க.

சேஷகிரி சார் கண்ணைத் துடைச்சுட்டு, "ரெண்டு நாடுன்னுதானே பேச்சு? இன்னொண்ணு எங்கப்பா?"ன்னு கேட்டார்.

மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. தேவசிகாமணி கண்ணை மூடி யோசிச்சான். அப்புறம் கண்ணைத் திறந்து, சாரை உச்சியில இருந்து பாதம் வரைக்கும் மெதுவா ஒரு தடவை பாத்தான்.

"சார், ஆதார் கார்டு கையில வெச்சிருக்கீங்களா?"

அவரும் சிரிச்ச சந்தோஷத்துல, எதுக்கு என்னன்னு கேட்காம எடுத்துக் கொடுத்துட்டார். நாச்சிமுத்து இன்னொரு படிவத்தை விரிச்சான், இந்துமதி பேனாவைத் திறந்து பக்கத்துல வந்து ரொம்ப மரியாதையாக் கேட்டா.

"சார், எந்த வருஷம் செத்திருந்தா உங்களுக்குத் தோதா இருக்குங்க?"