ஒழுகிய கூரைக்கு அளந்த கூலி

முன்னொரு காலத்தில், மூன்று பக்கம் மலையும் ஒரு பக்கம் ஆறுமாக இருந்த நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் எழுந்ததும் ஏதாவது ஓர் ஆணை போட்டால்தான் அவருக்குப் பலகாரம் இறங்கும். ஒருநாள் நந்தவனத்தில் உலாவும்போது, கூலி கிடைக்காத தோட்டக்காரன் ஒருவன் தனக்குத்தானே புலம்பிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது. மனம் இளகிவிட்டது. அன்றே தண்டோரா போட்டார்கள். வேலை செய்தவனுக்குப் பேசிய கூலியை மறுநாளே கொடுத்துவிட வேண்டும். கொடுக்காதவர் எந்தக் கருவியை வைத்துப் பிழைக்கிறாரோ, அந்தக் கருவி பறிமுதல்.

நல்ல எண்ணத்தில் போட்ட ஆணைதான். அது முதலில் போய் விழுந்தது செம்பாயியின் தலையில்.

செம்பாயி பொரி வறுத்து விற்பவள். அவள் கணவன் காளத்தி மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருந்தான். ஐப்பசி மழை பிடித்ததும் அவர்களுடைய ஓட்டுக்கூரை அடுப்புக்கு மேலேயும் கட்டிலுக்கு மேலேயும் ஒழுகத் தொடங்கியது. நமத்துப்போன பொரியை யார் வாங்குவார்கள்? கூரை வேயும் மாரப்பனைக் கூப்பிட்டு, முப்பது மரக்கால் நெல் கூலி என்று பேசினாள். மாரப்பன் நான்கு நாள் ஏறி இறங்கித் தட்டினான், அடைத்தான், வேலை முடிந்தது என்று போய்விட்டான். ஐந்தாம் நாள் பெய்த மழையில், முன்பு ஒழுகாத இடத்திலும் ஒழுகியது.

"கூரையைச் சரி பண்ணிக் குடுத்துட்டு நெல்லை அளந்துக்கப்பா" என்றாள் செம்பாயி.

மறுநாளே அரண்மனைச் சேவகர்கள் வந்துவிட்டார்கள். வறுசட்டி அடுப்பில் சூடாக இருந்தது. அது ஆறும்வரை வாசலில் உட்கார்ந்திருந்து, பிறகு தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அவர்கள் பின்னாலேயே செம்பாயியும் ராஜசபைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

சபையில் மாரப்பனுக்காகப் பேச எழுந்தவர் அமைச்சர் இன்பராயர். ஒரு கூரை வேய்பவனுக்காக அமைச்சரே எழுந்தது எல்லாருக்கும் ஆச்சரியமாக இருந்தது.

"மகாராஜா, கூலி என்பது உழைப்புக்கு. இவன் நான்கு நாள் உழைத்தானா இல்லையா? ஓட்டை அடைப்பது இவன் வேலை. மழை உள்ளே வருவதும் வராமல் போவதும் மழையின் பாடு. அதற்கு இவன் எப்படிப் பொறுப்பாவான்?"

ராஜாவுக்கு அது நியாயமாகவே பட்டது. "நேத்து ராத்திரிகூட என் வீட்டுக்காரர் நனைஞ்சுகிட்டுதான் கிடந்தாருங்க" என்று மட்டும் சொன்னாள் செம்பாயி.

அப்போது ராஜாவின் இடப்பக்கத்திலிருந்து ஒருவர் தொண்டையைச் செருமினார். அவர் பெயர் அம்பலத்தாடி, அரண்மனை விகடகவி. அவர் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்காமல் ராஜா சபையைக் கலைப்பதில்லை. அதனாலேயே இன்பராயருக்கு அவரைக் கண்டால் ஆகாது.

"மகாராஜா, இந்த அம்மாளிடம் நனைந்ததற்கும் சேர்த்துக் கூலி கேட்கிறார்களே என்று யோசிக்கிறேன்" என்றார் அம்பலத்தாடி.

இன்பராயர் இந்தச் சமயத்துக்காகத்தான் காத்திருந்தார். "விகடகவிக்கு அவ்வளவு இரக்கம் இருந்தால் அவரே வழக்கைத் தீர்க்கட்டும் மகாராஜா. நாளை இந்தச் சபையில் அவர் கையாலேயே முப்பது மரக்காலும் அளக்கட்டும். தங்கள் ஆணையும் மீறக்கூடாது, இவள் நெல்லும் குறையக்கூடாது. முடியாவிட்டால் அரண்மனையை விட்டே போகட்டும்."

ராஜாவுக்கு இந்த மாதிரிப் பந்தயம் என்றால் சர்க்கரை. "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் செம்பாயி அம்பலத்தாடியின் வழியை மறித்தாள். "என்னால உங்க சோத்துலயும் மண்ணு விழணுமா சாமி? எப்பாடு பட்டாவது நெல்லை நானே அளந்துடறேன், விட்டுடுங்க."

"முதலில் உங்கள் வீட்டுக் கூரையைப் பார்க்கலாமா, அம்மா?"

வந்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணி வைத்துக் கூரைமேலேயே ஏறிவிட்டார். ஓடுகளைப் புரட்டிப் பார்த்தார். உடைந்த ஓடு எதையும் மாரப்பன் மாற்றவில்லை. விரிசல்களில் களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து அப்பியிருந்தான். அதில் ஒரு பிடி எடுத்து இலையில் கட்டிக்கொண்டு இறங்கினார். காளத்தியிடம் இடுப்பு வலிக்கு யார் எண்ணெய் போடுகிறார்கள் என்று விசாரித்தார். "நாளைக்கு நெல்லைக் கொண்டுவந்துவிடுங்கள்" என்று செம்பாயியிடம் சொல்லிவிட்டுப் போனார். இந்த மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

மறுநாள் சபை நடுவே பாய் விரித்து, செம்பாயியின் நெல்லைக் குவித்தார்கள். இரண்டு முழம் தள்ளி மாரப்பன் வெறும் சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்பலத்தாடி ஒரு மரக்காலை எடுத்தார். அடிப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதைக் களிமண்ணும் வைக்கோலுமாக அடைத்திருந்தார்கள்.

மரக்கால் நிறைய நெல்லை அள்ளி, தலை வழித்துத் தூக்கினார். அடைப்பு பொத்தென்று விழுந்தது. நெல் அவ்வளவும் குவியலிலேயே கொட்டிவிட்டது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. நிதானமாக நடந்து போய் வெறும் மரக்காலைச் சாக்குக்குள் கவிழ்த்தார்.

ஒன்று என்பதற்குப் பதில் "லாபம்" என்று எண்ணத் தொடங்கினார். மறுபடி குனிந்து அள்ளினார். மறுபடி கொட்டியது. மறுபடி நடந்தார். "இரண்டு."

ஏழாவது நடைக்குள் சபையில் பாதிப் பேர் மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். அம்பலத்தாடி வியர்க்க விறுவிறுக்க முப்பது நடையும் நடந்து முடித்தார். "முப்பது. கூலி தீர்ந்தது மகாராஜா."

"சாக்கு காலியாக இருக்கிறதே" என்று இன்பராயர் எழுந்தார்.

"நான் முப்பது முறை அளந்தேனா இல்லையா, அமைச்சரே?"

"அளந்தீர். நெல் வந்து சேரவில்லையே."

"அளப்பது என் வேலை. நெல் சாக்குக்குள் போவதும் போகாததும் நெல்லின் பாடு. அதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?"

"ஓட்டை மரக்காலில் அளந்தால் எப்படி வந்து சேரும்?"

"ஓட்டை என்று சொல்லாதீர்கள். செப்பனிட்ட மரக்கால் இது. மாரப்பன் கூரைக்கு வைத்த அதே மண்ணைத்தான் வைத்து அடைத்தேன்."

ராஜா சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு கிரீடம் நழுவியது. அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

எல்லாரும் சிரித்தபோது மாரப்பன் மட்டும் வெறும் சாக்கைப் பார்த்தபடி நின்றிருந்தான். செம்பாயிக்கு அவனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. "ஏன்ப்பா, நல்ல வேலைக்காரன்னு கேள்விப்பட்டுத்தானே உன்னைக் கூப்பிட்டேன்?" என்று மெல்லக் கேட்டாள்.

அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. "புது ஓடு வாங்க எனக்குக் கட்டுப்படியாகலைம்மா. கூலியில பாதி அமைச்சரய்யா வீட்டுக்குப் போயிடும். அதுக்குத்தான் சேவகரை அனுப்பி வசூல் பண்ணிக் குடுக்கறாரு. நான் மட்டுமில்ல, ஊர்ல இருக்கற அத்தனை வேலைக்காரனும் இப்படித்தான் குடுக்கறோம்."

ராஜா கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"என் ஆணையை வைத்து நீர் கடை நடத்தியிருக்கிறீர், இன்பராயரே" என்றார். "இந்த அம்மாளின் கூரைக்கு வேண்டிய ஓடு முழுவதும் உமது செலவு. வேலையாட்களிடம் வாங்கியதை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிறகு சபைக்கு வாரும். வேலை ஒழுங்காக முடிந்ததென்று வீட்டுக்காரர் சொன்ன பிறகே கூலி என்று இன்றே தண்டோரா போடுங்கள். அந்த வறுசட்டியையும் திருப்பிக் கொடுங்கள்."

பிறகு ஒரு பட்டுப் பையில் பொற்காசுகளைப் போட்டு அம்பலத்தாடியிடம் நீட்டினார். அம்பலத்தாடி அதை உடனே வாங்கவில்லை. குனிந்து பையின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். "மன்னிக்க வேண்டும் மகாராஜா. இன்றைக்கு எதையும் அடி பார்க்காமல் வாங்கப் பயமாக இருக்கிறது."

ராஜாவுக்குக் கிரீடம் மறுபடி நழுவியது.

அன்று மாலையே மாரப்பன் புது ஓட்டோடு வந்தான். செம்பாயி கீழேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். நான்கு நாள் கழித்து மலைப்பக்கமிருந்து ஒரு பேய்மழை வந்து ஊரையே அடித்துப்போட்டது. விடிந்ததும் மாரப்பன் குடையும் கவலையுமாக வாசலில் வந்து நின்றான். உள்ளே தரை காய்ந்து கிடந்தது.

செம்பாயி பக்கத்து வீட்டில் ஒரு நல்ல மரக்காலாக வாங்கிவந்து, "சாக்கைப் பிடி" என்றாள்.